கடல் கடந்து வரும் பழைய காரின் விலை

வெளிநாட்டில் ஓடிய ஒரு காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து தமிழ்நாட்டில் பதிவு செய்து முடிக்கும்போது, அங்கே விற்றவருக்குக் கொடுத்த பணமும் கப்பல் கூலியும் சேர்ந்தே மொத்தச் செலவில் ஏறத்தாழக் கால் பங்குதான் இருக்கும். மீதி முக்கால் பங்கும் வண்டி கரை சேர்ந்த பிறகு ஏறுவது. வரிகள் தனித்தனியாக அருகருகே நிற்பதில்லை. முதல் வரி சேர்ந்த தொகையின் மேல் இரண்டாவது வரி, இரண்டும் சேர்ந்ததன் மேல் மூன்றாவது என்று அடுக்கடுக்காக ஏறுகின்றன. இதனால் அடியில் ஒரு லட்சம் ரூபாய் கூடினால் உச்சியில் நான்கு லட்சம் வரை கூடுகிறது. ஜப்பானில் இன்ன கார் இத்தனை மலிவாகக் கிடைக்கிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் விட்டுப்போவது இந்தப் பெருக்கல்தான்.

வரிக்கு முன்பே நிற்பது அனுமதி. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்றபின், அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்தவற்றை இந்தியா 2001 ஏப்ரல் 1 அன்று நீக்கியது. பழைய கார்களுக்கும் கதவு திறந்தாக வேண்டிய நிலை. ஜப்பானின் கழிவுக் கார்கள் வந்து குவிந்து உள்நாட்டுத் தொழிலைச் சாய்த்துவிடும் என்ற அச்சம் அன்று பலமாக இருந்தது. சென்னையைச் சுற்றிக் கார்த் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே கதவைத் திறந்த கையோடு வாசலில் நிபந்தனைகள் போடப்பட்டன. வண்டி தயாரான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கம் ஓடும் போக்குவரத்துக்கு ஏற்றதாக விழ வேண்டும். இறக்குமதியான நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடும் தகுதியும், அந்த ஐந்தாண்டுக்கு உள்நாட்டில் சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வாகனம் மும்பைத் துறைமுகத்தில் மட்டுமே இறங்கலாம்.

கடைசி நிபந்தனையின் கனம் வடதமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். செஞ்சி வட்டாரத்துத் தளவானூருக்குச் சென்னையும் எண்ணூரும் சில மணி நேரப் பயணத்தில் உள்ளவை. அந்தத் துறைமுகங்களிலிருந்து புதிய கார்கள் கப்பல் கப்பலாக வெளிநாடு போகின்றன. வெளிநாட்டுப் புதிய கார்கள் சென்னையில் இறங்கவும் தடையில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு பழைய கார் மட்டும் சென்னையில் இறங்காமல், குமரிமுனையைச் சுற்றி மும்பைக்குப் போய், அங்கிருந்து புனே, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாக ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் லாரியில் பயணம் செய்து செஞ்சிக்கு வர வேண்டும்.

மூன்று வயது என்ற வரம்புதான் கணக்கையே தலைகீழாக்குகிறது. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டு கழித்தும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவை எண்ணி, ஒவ்வொரு சோதனைக்கும் முன்பாக ஏராளமானோர் வண்டியைக் கைமாற்றிவிடுகிறார்கள். ஏழெட்டு வயதுள்ள, நன்றாகப் பராமரிக்கப்பட்ட கார்கள் அங்கே ஏலக்கூடங்களில் அடிமட்ட விலைக்குப் போவது இதனால்தான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றே பத்தாண்டுக்குத்தான் செல்லும். பத்தை நெருங்கும் வண்டியைப் பதிவு நீக்கம் செய்து ஏற்றுமதியாளரிடம் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். இரண்டு நாட்டிலும் மலிவாகக் கிடைப்பவை வயதான கார்கள். இந்தியா அனுமதிப்பதோ மூன்று வயதுக்கு உட்பட்டவற்றை மட்டும். அந்த வயதில் ஜப்பானியக் காரும் சிங்கப்பூர்க் காரும் தம் சொந்தச் சந்தையிலேயே நல்ல விலைக்குப் போகும்; யாரும் மலிவாக விட்டுக்கொடுப்பதில்லை.

வயது எண்ணப்படுவது தயாரிப்புத் தேதியிலிருந்து. முதல் பதிவுத் தேதியிலிருந்து அல்ல. ஷோரூமில் எட்டு மாதம் நின்றபின் விற்ற காருக்கு அந்த எட்டு மாதமும் வயதில் சேரும். ஆவணத்தில் பதிவு ஆண்டை மட்டும் பார்த்து வாங்கிய வண்டி மும்பையில் வயது மீறியதாகத் தேறினால், பறிமுதல், அதை மீட்க அபராதம், இல்லையேல் திருப்பி அனுப்பும் செலவு என்று மூன்று வழிகளும் பணத்தில்தான் முடியும்.

தமிழர் அதிகம் வேலை பார்க்கும் வளைகுடா நாடுகள் ஆரம்பத்திலேயே கழிந்துவிடுகின்றன. துபாய், குவைத், சவூதி எல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓடும் நாடுகள். வண்டிகள் இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. ஸ்டீயரிங்கை மாற்றிப் பொருத்திக் கொண்டுவரலாமே என்ற யோசனை அவ்வப்போது எழும். தயாரிப்பின்போது பெற்ற அசல் தரச்சான்றோடு வண்டி ஒத்திருக்க வேண்டும் என்பதும் இறக்குமதி நிபந்தனை என்பதால் அந்த வழி அடைபடுகிறது. மீதமிருப்பவை ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகள். பிரிட்டனில் வேகமானி மைலில் காட்டும் என்பதால் அங்கும் ஒரு சிறு முடிச்சு உண்டு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளிக்குச் சொந்தக் கார் என்ற பேச்சே எழாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அங்கே குடும்பத்தோடு தங்கி நல்ல சம்பளம் வாங்குவோருக்கும், கையில் பணம் வைத்துக்கொண்டு அபூர்வ மாடல் தேடுவோருக்கும்தான் பொருந்தும்.

வாங்கும் இடத்துச் செலவு முதல் அடுக்கு. ஜப்பானில் வெளிநாட்டவர் ஏலக்கூடத்துக்கு நேரே போய் வாங்க முடியாது. உறுப்பினரான ஏற்றுமதி முகவர் மூலமே ஏலம் கேட்க வேண்டும். ஏலத்தில் நின்ற விலையோடு ஏலக்கூடக் கட்டணம், முகவர் கமிஷன், துறைமுகம் வரை உள்நாட்டுப் போக்குவரத்து, பதிவு நீக்கமும் ஏற்றுமதி ஆவணங்களும் சேரும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏலக்கூடம் தரும் ஆக்‌ஷன் ஷீட்டில் வண்டியின் தரம் எண்ணாகவும், விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்ததானால் ‘ஆர்’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். கீறல், நசுங்கல், துரு இருக்கும் இடங்கள் வண்டியின் கோட்டுப்படத்தில் அடையாளமிடப்பட்டிருக்கும். ஷீட்டைப் படிக்கத் தெரியாதவருக்குப் பளபளக்கும் புகைப்படம் ஒன்றே ஆதாரம். போலி ஷீட்டுகளும், மீட்டரைப் பின்னுக்கு ஓட்டிய வண்டிகளும், வெள்ளத்தில் மூழ்கி உலர்த்தப்பட்டவையும் இந்த வியாபாரத்தில் எப்போதும் உண்டு. ஏற்றுமதிக்கு முன் தனிச் சோதனை நிறுவனம் ஒன்றிடம் சான்று வாங்கும் செலவைச் சிலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். இந்தியாவுக்கு வரும் வண்டிக்கோ ஏற்றுமதிக்கு முந்தைய சோதனைச் சான்று கட்டாயம்.

கப்பல் கூலி, வண்டி தானாக ஏறி இறங்கும் ரோரோ கப்பலில் குறைவு. கன்டெய்னரில் கூடுதல், பாதுகாப்பும் கூடுதல். கடல் காப்பீடு தனி. வண்டி விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகையைத்தான் வியாபாரிகள் சி.ஐ.எஃப். என்பார்கள். சுங்கக் கணக்கு இந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. காப்பீட்டு ரசீதோ கப்பல் கூலி ரசீதோ இல்லையென்றால் சுங்கத்துறை தானாகவே ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். மதிப்பீட்டு விதிகளின்படி கூலிக்கு வண்டி விலையில் 20%, காப்பீட்டுக்கு 1.125%. ரசீதைத் தொலைத்தவர் உண்மையில் கொடுத்ததைவிட அதிகமான கூலிக்கு வரி கட்ட நேரும்.

வாங்கியவர் காட்டும் பில்லைச் சுங்கத்துறை அப்படியே ஏற்கும் என்று எண்ணுவது பெரிய தவறு. பழைய காருக்கு நிலையான விலை கிடையாது என்பதால், புதிதாக வந்தபோது அந்த மாடலின் விலை என்ன என்று பார்த்து, அதிலிருந்து தேய்மானம் கழிப்பது வெகுகாலமாகக் கையாளப்படும் முறை. முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4%, இரண்டாம் ஆண்டில் 3%, மூன்றாம் ஆண்டில் 2.5% என்று கழிவு போகும். மூன்று ஆண்டு முழுதும் ஓடிய வண்டிக்கு இப்படி 38% கழியும். மீதி 62% மதிப்பாக நிற்கும். ஏலத்தில் அடித்துப் பிடித்து அரைவிலைக்கு வாங்கினாலும் சுங்கத்தின் ஏட்டில் விலை அதைவிட மேலே இருக்கக்கூடும். வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக்கும் விகிதமும் வங்கி விகிதம் அல்ல. சுங்க வாரியம் அவ்வப்போது அறிவிக்கும் விகிதம்.

இலவசமாக வந்த காருக்கும் இதே கதைதான். மைக்கேல் ஷூமாக்கர் கையால் சச்சின் டெண்டுல்கருக்குக் கிடைத்த ஃபெராரி 360 மொடேனா புதிய கார். பழைய கார்களின் கதையில் அதற்கு இடமில்லை. ஆனால் கணக்கைப் புரியவைக்க அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. சுமார் 75 லட்சம் ரூபாய் மதிப்புள்ள அந்தப் பரிசுக்கு ஒரு கோடியே 13 லட்சம் அளவுக்கு வரி வந்தது. அரசு விலக்கு அளிக்க முன்வந்து, எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட் நிறுவனம் வரியைக் கட்டியது. பரிசைவிடப் பரிசின் வரி பெரிது.

பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2025 வரை 125%. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி; இரண்டும் சேர்ந்து 137.5%. 2025-26 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70% ஆகக் குறைக்கப்பட்டபோது கார் இறக்குமதி மலிவாகப் போகிறது என்ற செய்தி பரவியது. அதே பட்ஜெட்டில் 67.5% வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி சேர்க்கப்பட்டு, சமூக நலக் கூடுதல் வரி நீக்கப்பட்டது. கூட்டினால் மறுபடியும் 137.5%. தலைப்புச் செய்தி மாறியது, கட்ட வேண்டிய தொகை மாறவில்லை.

இதற்கு மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. இது வண்டியின் மதிப்புக்கு மட்டும் அல்ல. மதிப்போடு சுங்க வரியையும் கூட்டிய தொகைக்கு. 2025 செப்டம்பர் 22க்கு முன் 28% வரியும் காரின் அளவைப் பொறுத்து 22% வரை இழப்பீட்டு வரியும் இருந்தன. அன்று முதல் இழப்பீட்டு வரி நீங்கி, சிறிய கார்களுக்கு 18%, பெரியவற்றுக்கு 40% என்று ஆனது. சிறிய கார் என்பதற்கு வரையறை உண்டு: நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இறக்குமதி செய்யத் தோன்றும் கார்களில் இந்தக் கோட்டுக்குள் அடங்குபவை சொற்பம்.

மும்பையில் இறங்கும்போது சி.ஐ.எஃப். மதிப்பு 10 லட்சம் ரூபாய் உள்ள ஒரு காரை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி ஓடும். 137.5% வரி 13 லட்சத்து 75 ஆயிரம். கூட்டினால் 23 லட்சத்து 75 ஆயிரம். அதில் 40% ஜி.எஸ்.டி. 9 லட்சத்து 50 ஆயிரம். ஆக 33 லட்சத்து 25 ஆயிரம். சுங்க வாசலைத் தாண்டும்போதே பத்து லட்சம், முப்பத்து மூன்றாகிவிட்டது. சிறிய கார் வரையறைக்குள் வந்தால் 28 லட்சத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20%. அதை முழுத் தொகைக்கும் போட்டால் 6 லட்சத்து 65 ஆயிரம். கூட்டுத்தொகை 39 லட்சத்து 90 ஆயிரம். வண்டியின் வயதைப் பொறுத்து ஆயுள் வரி குறையக்கூடும் என்றாலும், சோதனைச் செலவு, கிளியரிங் ஏஜென்ட், லாரி வாடகை ஆகியவை இன்னும் சேரவில்லை. இந்தத் தொகையின் சுற்றுவட்டாரத்தில் இன்னோவா ஹைகிராஸின் உயர்ரக மாடல் புத்தம் புதிதாக, வாரண்டியோடு, விழுப்புரத்திலேயே சர்வீஸ் வசதியோடு கிடைக்கும்.

துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்களுக்கும் விலை உண்டு. ஏற்றுமதிக்கு முந்தைய சான்றோடு வந்தாலும், சுங்கத்திலிருந்து விடுவிக்கும் முன் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது அகமதுநகரில் உள்ள வி.ஆர்.டி.இ. போன்ற சோதனை நிலையத்தில் வண்டி தேற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளுக்கும் அது பொருந்துகிறதா என்பதே கேள்வி. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் உள்ளதால் புகை அளவில் தவறினால் வேறு வழியில்லை. பெரிய நிறுவனம் ஒரு மாடலுக்கு இத்தகைய சோதனையை ஒருமுறை நடத்தி அந்தச் செலவை ஆயிரக்கணக்கான வண்டிகளில் பரப்பிவிடும். தனியாள் அந்தச் செலவைத் தன் ஒற்றை வண்டியின் தலையில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தனியார் இறக்குமதி கட்டுப்படியாகாததற்கு, வரி தவிர்த்தால், இதுவே முதல் காரணம்.

சோதனை நடக்கும் வரை, ஆவணம் ஒன்று குறைந்தால் அது வந்து சேரும் வரை, வண்டி துறைமுக யார்டில் நிற்கும். இலவச நாட்கள் கழிந்தபின் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். கன்டெய்னரில் வந்திருந்தால் பெட்டியைப் பிடித்துவைத்ததற்குக் கப்பல் கம்பெனிக்குத் தனி வாடகை. இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம். வரியை உரிய நாளில் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 15% வட்டி. மும்பையில் ஆள் இல்லாத தளவானூர்க்காரருக்கு இதையெல்லாம் கிளியரிங் ஏஜென்ட்தான் பார்க்க வேண்டும். அவர் போனில் சொல்லும் ‘இன்னும் ரெண்டு நாள்’ ஒவ்வொன்றும் ரூபாயாகவே வந்து சேரும்.

மாநில வரி பல காலமாகவே வழக்குக்கு இடம் கொடுத்த அடுக்கு. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் தமிழ்நாட்டில் வாகன நுழைவு வரி என்று ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேறு மாநிலத்திலிருந்து வரும் வண்டிக்கான வரி, வெளிநாட்டிலிருந்து வருவதற்குப் பொருந்தாது என்பது இறக்குமதியாளர்களின் வாதம். 2012இல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் வரவழைத்த நடிகர் விஜய் இந்த வரியை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தள்ளுபடி செய்தது. தீர்ப்பில் நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளே அப்போது பேச்சாயின. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வு அவற்றை நீக்கியது. வரி நிலைத்தது. இறக்குமதிப் பொருளுக்கும் நுழைவு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லியிருந்தது. இறக்குமதி முடிந்து பல ஆண்டு கழித்தும் வரி நோட்டீசு வரக்கூடும் என்பதற்கு இந்த வழக்குகள் சாட்சி.

பழைய கார் இறக்குமதி அன்றாட வாழ்வாகவே ஆன, தமிழர் வாழும் நாடு இலங்கை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓடும் விட்ஸ், அக்வா, ஆக்சியோ, பிரியஸ் எல்லாம் ஜப்பானில் ஓடி ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் வந்தவை. அங்கே சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிக வரி, என்ஜின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, விலையுயர்ந்த வண்டிக்குச் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18% வாட் என்று அடுக்கு இந்தியாவைப் போலவே உயரும். உற்பத்தி வரி விலையைப் பார்த்து அல்லாமல் சிசியைப் பார்த்துப் போடப்படுவதால், மலிவாக வாங்கிய பழைய பெரிய என்ஜின் காருக்கும் வரி மலிவாக இராது. இறக்குமதி செய்பவரும் வாங்குபவரும் விலையைவிடச் சிசியையே முதலில் கேட்பது இதனால்தான்.

இலங்கை அனுபவம் கற்றுத்தரும் வேறொன்று, கொள்கை மாற்றத்தின் விலை. அந்நியச் செலாவணி வறண்டதால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்த ஐந்து ஆண்டும் தனியார் கார்கள் வரவில்லை. 2022இல் டாலர் 200 ரூபாய் அளவிலிருந்து 350ஐத் தாண்டியது. ஓடித் தேய்ந்த கார்களுக்கு வாங்கிய விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டி வங்கி வைப்பைவிட நல்ல சேமிப்பாயிற்று. 2025 பிப்ரவரியில் கதவு திறந்தபோது அதே மாடல் வண்டிகள் பழைய விலையைப் போலப் பல மடங்கில் வந்திறங்கின. அதே ஆண்டில், கடன் கடிதம் திறந்த நாடு ஒன்றும் வண்டி ஏறிய நாடு வேறொன்றுமாக இருந்ததால் நூற்றுக்கணக்கான வாகனங்கள் துறைமுகத்தில் தேங்கின. வண்டியில் பழுதில்லை, வரி கட்டப் பணமும் இருந்தது. காகிதம் மட்டும் ஒத்துவரவில்லை.

இந்தியாவில் இத்தனை செலவையும் சுற்றிக்கொண்டு போகக் குறுக்கு வழிகள் தேடப்பட்டதில் வியப்பில்லை. வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்து நிரந்தரமாகத் திரும்புவோரின் வீட்டுச் சாமான்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் பயணச் சாமான் விதிகள் மோட்டார் வாகனத்தைச் சாமானாகவே கருதுவதில்லை. இருந்தும் திரும்பி வருவோர் பெயரைப் பயன்படுத்திக் குறைந்த மதிப்பு காட்டிச் சொகுசுக் கார்களைக் கொண்டுவந்த கும்பல்கள் பிடிபட்டன. 2013 மார்ச்சில் சென்னையில் சி.பி.ஐ. நடத்திய சோதனைகள் அத்தகைய வழக்கொன்றைச் சேர்ந்தவை. தூதரக அதிகாரிகளுக்கான வரிவிலக்கு இன்னொரு ஓட்டை. சுற்றுலாவாகச் சொந்தக் காரில் வருவோருக்கான கார்னே ஆவணம் தற்காலிக அனுமதி மட்டும் தருவது. கெடு முடிந்தும் வண்டி திரும்பவில்லையென்றால் வரி முழுதும் கேட்கப்படும்.

அண்மையில் பெரிதாக வெடித்தது பூட்டான் வழி. அந்நாட்டு ராணுவமும் பிறரும் கழித்துவிட்ட பழைய கார்கள் எல்லை தாண்டி, போலி ஆவணங்களோடு இந்திய மாநிலங்களில் பதிவாகி, கேரளம் வரை விற்பனையானதாகச் சுங்கத்துறை 2025 செப்டம்பரில் ‘நும்கூர்’ என்ற பெயரில் சோதனையில் இறங்கியது. திரைப் பிரபலங்களின் வீடுகளும் அதில் அடங்கின. சோதனையில் வண்டிகள் கைப்பற்றப்பட்டது, கொண்டுவந்தவரிடமிருந்து அல்ல. மூன்றாம் நான்காம் கையாக வாங்கி வைத்திருந்தவரிடமிருந்து. வரி ஏய்த்து வந்த பொருளின் குற்றம் பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும். சுங்கச் சட்டப்படி அது யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உட்பட்டது.

செஞ்சிப் பகுதியில் இறக்குமதிக் கார் ஒன்று விலைக்கு வருமானால், அது பெரும்பாலும் இப்படி மூன்றாம் கையாகவே வரும். பக்கத்தில் புதுச்சேரி இருப்பதால் பி.ஒய். எண்ணோடு வரவும் வாய்ப்புண்டு. வரி குறைவு என்பதற்காகப் பொய் முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் சொகுசுக் கார் பதிவு செய்ததாக 2017இல் கேரளத்தில் எழுந்த வழக்குகள் அந்த எண் பலகைக்கு ஒரு சந்தேகத்தைச் சேர்த்துவிட்டன. வேறு மாநில வண்டி தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் இங்கே பதிவு மாற்றிச் சாலை வரி கட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. ஆகவே வாங்குவோர் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை மட்டும் அல்ல. பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய ரசீது, சோதனை நிலையச் சான்று, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவற்றை வண்டியின் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பானெட்டைத் தூக்கி, துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பொறித்த எண்ணை எழுத்தெழுத்தாகக் காகிதத்தோடு சரிபார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, அந்த இடத்துக்கு மட்டும் புது பெயிண்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் அது குறைந்த விலை அல்ல.

வண்டி வீடு வந்த பிறகு தொடங்கும் செலவு மெதுவாக ஓடும். இந்தியாவில் விற்காத மாடலுக்குக் கண்ணாடி உடைந்தாலும் பம்பர் கழன்றாலும் உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். அதற்கும் தனியே சுங்க வரி, ஜி.எஸ்.டி. செஞ்சியிலோ திண்டிவனத்திலோ உள்ள மெக்கானிக்கிடம் கைத்திறன் இருக்கும். அந்த மாடலின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் மென்பொருளும் இராது. ஹைப்ரிட் என்றால் பேட்டரி தேய்ந்த நாளில் வண்டி அநேகமாக நின்றே போகும். பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20% எத்தனால் கலந்தது. அதை எண்ணிச் செய்யப்படாத என்ஜினில் ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெடலாம், மைலேஜும் குறையும். ஜப்பான் நகரச் சாலைக்காகத் தாழ்வாக வைத்த அடிப்பாகம், ஏரிக்கரைச் சாலையின் வேகத்தடையில் உரசுவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டியின் மதிப்பை எப்படி வைக்கும் என்பது முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியது. வரியெல்லாம் சேர்ந்த 33 லட்சத்தை மதிப்பாக வைத்தால் பிரீமியம் எகிறும். குறைத்து வைத்தால் வண்டி முழுதாக நாசமாகும் நாளில் கட்டிய வரி கைக்குத் திரும்பாது. மறுவிற்பனையிலும் இதே நிலை. புதிதாக வாங்கிய உள்நாட்டுக் காரை ஐந்து ஆண்டு கழித்து விற்க ஆள் தேட வேண்டியதில்லை. இறக்குமதிக் காரை வாங்க வருபவர் உதிரிப் பாகத்தையும் ஆவணத்தையும் நினைத்து விலையைக் கீழே இழுப்பார். அபூர்வ மாடல் சேகரிப்போர் வட்டத்தில் இருக்கும் சில வண்டிகள் மட்டுமே இதற்கு விலக்கு. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வின்டேஜ் வண்டிகளுக்கு 2021 முதல் ‘வி.ஏ.’ எழுத்தோடு தனிப் பதிவு முறை உண்டு. முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த அனுமதியில்லை.

பதினைந்து ஆண்டு ஓடியபின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய் என்றால் இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்டு முதல், இருபது ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு அது முறையே 10,000 ரூபாயும் 80,000 ரூபாயும்.